ஒட்டாத மாவு

இருபத்தாறு வருடம் என் கைக்குள் இருந்த கோதுமை
ஒரு மார்ச் காலையில்
நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.
மருத்துவர் ப்ரெஸ்கார் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்.
ஊதினேன்.
முள் பாதிவரை போய்த் திரும்பியது,
கடன் கேட்கப் போய் வாசலோடு திரும்புகிறவன் போல.
"மிலோய்க்கா, ஒன்று மாவு, இல்லை மூச்சு" என்றார்.
விடியுமுன் அடுப்பு மூட்டும் ஒருத்தியிடம்
இப்படியா கேட்பது?

கடைசி மூட்டையைச் சோச்சா ஆற்றில் கொட்டப் போனேன்.
மீன் உப்பிவிடும் என்றான் டாமியான்.
கோழி வளர்ப்பவருக்குக் கொடுத்தோம்.
சுவரைக் கழுவினோம், சல்லடைகளை மாற்றினோம்.
மாவு பிசையும் மரத்தொட்டியை மட்டும்
எத்தனை முறை தேய்த்தும் பயனில்லை,
மரம் எதையும் மறப்பதில்லை.
இப்போது அதில் யாரோ செடி வளர்க்கிறார்கள்.

அரிசி மாவு சொன்ன பேச்சு கேட்டது;
கடித்தால் மணல்.
மக்காச்சோளம் கத்தியைக் கண்டதும் உதிர்ந்தது.
மரவள்ளி மாவை விரலால் நசுக்கினால்
புதுப்பனியில் நடக்கும் சத்தம்,
அது பிடித்திருந்தது, ரொட்டி ரப்பராகும்வரை.
பனிவரகு, பெயரில் பனி, நாக்கில் கசப்பு;
பழைய சரக்கு, என்னை ஏமாற்றிவிட்டார்கள்.
செஸ்ட்நட் மாவின் விலையைக் கேட்டு
டாமியான் நாற்காலி தேடினான்.
பக்வீட், எங்கள் பேச்சில் ஐதா,
சாம்பல் நிறம், ஈர மண் வாசம்.
முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே
வேலையை முடித்துக்கொடுக்கும் ரகம்.

கோதுமையை இழுத்தால் வரும், விட்டால் திரும்பும்,
காற்றைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொள்ளும்.
இவர்களுக்குள்ளோ ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.
ஒரே பாத்திரத்தில் ஐந்து அந்நியர்கள்.

இசப்கோல் உமி கேட்டேன்.
"மலச்சிக்கலா?" என்றாள் மருந்துக்கடைப் பெண்.
"ரொட்டிக்கு."
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
தண்ணீரில் பத்து நிமிடம், கூழாகிவிட்டது.
அந்த வழவழப்புதான் கடைசியில்
ஒருவர் கையை இன்னொருவரிடம் பிடித்துக் கொடுத்தது.

பதினேழாவது ரொட்டியின் நடுவில் பள்ளம்.
"தொட்டில்" என்றான் டாமியான்.
பதினெட்டாவது நிமிர்ந்து நின்றது.
அளவைப் பென்சிலால் சுவரில் எழுதினேன்:
பக்வீட் மூன்று, அரிசி இரண்டு, மரவள்ளி ஒன்று.

முப்பது வருட வாடிக்கையாளர் ஸ்டானோ
ஒரு துண்டு மென்றார், காசை வைத்தார்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொட்டி இல்லை."
இப்போது பெட்ரோல் பங்க்கில் வாங்குகிறார்.
என் கடையைத் தாண்டும்போது
பையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்கிறார்.
நான் பார்க்காதது போல இருக்கிறேன்.
அந்தப் பையின் வாசம் என்னை எட்டுவது
அவருக்குத் தெரியாது.

நவம்பரில் கதவு திறந்தது.
யெர்னெய், ஏழு வயது.
தினமும் எதிர்ச்சாரியில் போகும் பையன்,
என் ஜன்னலைத் தெரிந்தவன், என் கடையைத் தெரியாதவன்.
எங்கள் காற்றே அவனுக்கு ஆகாது என்று
அம்மா அவன் மூக்கைப் பொத்திக் கூட்டிப்போவாள்.
இன்று கேள்வி கேட்டாள்.
முட்டை?
இல்லை.
எள்?
இல்லை.
கொட்டைகள்?
வாயைத் திறந்தேன், நிறுத்தினேன்.
செஸ்ட்நட் மாவு வரும் ஆலையில்
ஹேசல்நட்டும் அரைப்பார்களா?
கேட்டதே இல்லை.
அந்த மூன்று ரொட்டிகளை எடுத்துக்கொண்டு
பின்வாசல் வழியே வெளியே வைத்துவிட்டு
கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.
"தெரியாது" என்றேன்.
அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அப்புறம்தான் பையனின் கையை விட்டாள்.

அவன் முதலில் சாப்பிடவில்லை.
நடுக்கடையில் நின்று
மூக்கால் இழுத்தான், நீளமாக,
மருத்துவர் குழாயில் எனக்கு வராத நீளம்.
பிறகு ஐதா பன்னைக் கடித்து
மென்று, யோசித்து,
"உப்பு இல்லை" என்றான்.

அம்மா பதறினாள்.
நான் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.
மூன்று, இரண்டு, ஒன்று.
பென்சிலைத் தேடினேன்.